ரிமார்க்ஸ் இனிகோவும் ரத்தான வாஷிங் மெஷினும்

கல்யாணப் பந்தியில் அப்பளத்தை விளக்கு வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு இலையில் வைக்கிறார் இனிகோ. “இடது ஓரம் கிராக். மத்தபடி ஓகே.”

பரிமாறுகிறவர் பதறிப்போய் வேறு அப்பளம் எடுக்கிறார். இனிகோ இலைக்கு மேலே கையை நீட்டித் தடுக்கிறார். “வேண்டாம், இதையே திங்கேன். சொல்லி வச்சேன், அம்புட்டுதான்.”

குறை சொல்வது அவர் நோக்கமில்லை. குறை இருப்பது தமக்குத் தெரியும் என்பதை உலகத்துக்கு அறிவித்துவிட வேண்டும். அறிவித்த பிறகு அந்தக் குறையையும் சேர்த்துத் தின்றுவிடுவார். சாம்பாரில் உப்பு கூடியிருந்தாலும் இதே நடைமுறைதான். பந்தியில் அவருக்கு இருபுறமும் உட்காருகிறவர்கள் சாப்பாட்டைப் பற்றிச் சொந்தமாக அபிப்பிராயம் வைத்துக்கொள்ள வேண்டிய சிரமமே இல்லை.

துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு கண்டெய்னர் யார்டில் அவர் கேட் கிளார்க். லாரி வந்து நின்றதும் பெட்டியை ஒருமுறை வலம் வருவார். எங்கே நசுங்கியிருக்கிறது, எங்கே துரு ஏறியிருக்கிறது, கூரையில் ஓட்டை உண்டா, கதவு ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று பார்த்து ரிமார்க்ஸ் எழுதிக்கொண்டு பெட்டியை உள்ளே விடுவார். உள்ளே வரும்போது எழுதாத நசுங்கல், வெளியே போகும்போது யார்டு செய்த நசுங்கல் ஆகிவிடும். ஆகவே எழுதியாக வேண்டும். ஆனால் எவ்வளவு மோசமான பெட்டியானாலும் கேட்டில் வைத்துத் திருப்பி அனுப்பக்கூடாது. அனுப்பினால் பின்னால் நிற்கிற லாரி வரிசை பைபாஸ் வரை நீளும். டிரைவர்கள் இறங்கி வந்து இனிகோவின் தாயாரைப் பற்றிப் பேசுவார்கள். உள்ளே எடு, ரிமார்க்ஸ் எழுது, சண்டையைப் பிறகு வைத்துக்கொள். அந்த வேலையின் மொத்தச் சாஸ்திரமும் இதுதான்.

வருஷக்கணக்கில் கேட்டில் நின்றவருக்கு உலகமே கேட்டுக்கு வந்த பெட்டியாகத் தெரிய ஆரம்பித்ததில் ஆச்சரியமில்லை. கொழுந்தியாள் மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையைப் பற்றி, “பாடி நல்ல கண்டிசன். ரூஃப்ல மட்டும் பெயிண்ட் போயிருக்கு” என்றார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்கு, “நடுவுல லேசா பெண்டு விழுந்திருக்கு” என்றார். லூர்தம்மாள்புரத்தில் அவர் குடியிருக்கும் தெருவில் மட்டும் மூன்று இனிகோக்கள் உண்டு. ரிமார்க்ஸ் இனிகோ என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும்.

மனைவி ஆக்னஸ் மேல் மட்டும் அவர் இதுவரை ஒரு ரிமார்க்ஸும் சொன்னதில்லை. அன்புதான் காரணம் என்று அவர் சொல்லிக்கொள்கிறார். பயம் என்கிறார் எதிர்வீட்டுச் சிலுவை. சிலுவை கப்பலில் மாலுமிகளை வேலை ஏவும் சாராங்காக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தெருவை ஒரு கப்பல் போல நடத்திவருகிறார்.

மழைக்காலம் முடிந்ததும் ஆக்னஸுக்குச் சிக்குன்குனியா வந்தது. காய்ச்சல் ஆளை விட்டுப் போனது; விரல்களை விட்டுப் போகவில்லை. காலையில் விரல்கள் மடங்காது, மடங்கினால் நிமிராது. வலியைப் பொறுத்துக்கொண்டு தேங்காய் துருவிவிடலாம், மீனும் ஆய்ந்துவிடலாம். ஈரத்துணியைப் பிழிவது மட்டும் நடக்காது. பிழியாத போர்வை கொடியை இழுத்துக்கொண்டு தரைவரை தொங்கும். அடியில் ஒரு சின்னக் குளம் நிற்கும். அதனால்தான் வாஷிங் மெஷின்.

இனிகோ தம்முடைய போனிலேயே ஆர்டர் போட்டுப் பணமும் கட்டினார். பெட்டி கேட்டுக்கு வந்த பிறகே சுற்றிப் பார்த்துப் பழகியவர் என்பதால், படங்களையும் பணம் கட்டிய பிறகுதான் சுற்றிப் பார்த்தார். மெஷினின் அடிப்பாகத்தைக் காட்டும் படம் கடைசியாக இருந்தது. பெரிதுபடுத்திப் பார்த்தார். முகம் மாறியது.

“ஏளா, அடியில முழுக்கத் தகரம். இந்தக் கடக்காத்துக்கும் நம்ம போர் தண்ணிக்கும் ரெண்டு மழை தாங்காது. துருப்பிடிச்சு உக்காந்துரும்.”

ஆக்னஸ் பத்து விரல்களையும் அவர் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார். அவை விரியவில்லை என்பதுதான் காட்சி. “மிஷினுக்குத் துரு வர ரெண்டு மழை ஆகும். எனக்கு இப்பமே வந்துட்டு.”

ஆனாலும் இனிகோ கேன்சல் பொத்தானை அமுக்கிவிட்டார். பணம் திரும்பி வந்ததும் கடைக்கே போய், தட்டிப் பார்த்து, ஸ்டீல் பாடியில் ஒன்று வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்தார். ‘உங்கள் ஆர்டர் வெற்றிகரமாக ரத்து செய்யப்பட்டது’ என்று உடனே செய்தி வந்தது. கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். தன் பெயரைச் சொல்லிக்கொள்ள அது தனியாகவே பெருஞ்செலவு செய்கிறது. ரத்திலும் ஒரு வெற்றியைக் கண்ட அந்த மனப்பான்மையை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

பணத்துக்குப் பதிலாக மெஷின் வந்தது.

குட்டியானை வண்டியிலிருந்து இறங்கிய டெலிவரிக்காரர் லிங்கராஜ், அட்டைப்பெட்டியைத் தட்டிக்கொண்டே, “வாஷிங் மெஷின் அண்ணாச்சி. எங்கன வைக்க?” என்றார்.

“இது கேன்சல் ஆச்சே.”

“எனக்கு அப்பிடி ஒண்ணும் காட்டலையே. டெலிவரின்னுதான் காட்டுது. வேண்டாம்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, ரிட்டர்ன்னு போட்டுட்டு அப்படியே கொண்டுட்டுப் போயிருதேன்.”

ஒரு வார்த்தைதான். வேறு எந்த ஊரில், வேறு எந்த வேலை பார்க்கிறவராக இருந்தாலும் அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பார். கதையும் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பெட்டி கேட்டுக்கு வந்துவிட்டது. வண்டிக்குப் பின்னால் ஓர் ஆட்டோ வந்து நின்று ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் தண்ணீர் கேன் வண்டி. இனிகோவின் கால்கள் தாமாகவே பெட்டியை வலம் வரத் தொடங்கின.

“பின்பக்க மூலையில நசுங்கல். ஸ்ட்ராப் ஒண்ணு லூஸ். ரிமார்க்ஸ் எங்கன எழுத?”

“கையெழுத்து மட்டுந்தான் அண்ணாச்சி” என்று லிங்கராஜ் போனை நீட்டினார்.

தீப்பெட்டி அகலத்துக்கு இருந்த அந்தக் கட்டத்துக்குள் ஆள்காட்டி விரலால் இனிகோ எழுதினார்: கேன்சல் ஆன சரக்கு, ஆட்சேபத்தோடு பெற்றுக்கொள்ளப்பட்டது, பின் மூலை நசுங்கல். எழுத்து எழுத்தின் மேல் ஏறி, கடைசியில் கடல் அட்டை ஒன்று ஊர்ந்து போன தடம் மாதிரி இருந்தது. ஓடிபியையும் சொன்னார். கேட் பாஸ் நம்பர் கேட்டால் சொல்லித்தானே ஆகவேண்டும். பெட்டி ஹாலுக்குள் போனது. ‘உங்கள் ஆர்டர் வெற்றிகரமாக ஒப்படைக்கப்பட்டது. புதிய மெஷினுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?’ என்று செய்தி வந்தது.

ரிமார்க்ஸ் எழுதியாகிவிட்டதால் இனிகோ நிம்மதியாக இருந்தார். அவர் அறிந்த உலகத்தில், எழுதியவன் தப்பித்தவன்.

அந்த உலகம் வேறு, கம்பெனியின் உலகம் வேறு என்பது கஸ்டமர் கேருக்குள் நுழைந்தபோதுதான் தெரிந்தது. அங்கே மனிதர்கள் இல்லை; ‘தோழி’ என்று ஓர் இயந்திரம் இருந்தது. ‘என் ஆர்டர் ரத்தாகிவிட்டது, ஆனால் பொருள் வந்திருக்கிறது’ என்று இனிகோ தட்டச்சு செய்தார். ‘பொருள் வந்து சேர்ந்ததில் மகிழ்ச்சி’ என்றது தோழி. ‘நான் கேட்கவில்லை’ என்றார். ‘கேளுங்கள், உதவக் காத்திருக்கிறேன்’ என்றது. அரைமணி நேரம் இப்படிப் பழகிய பிறகு, திருப்பி அனுப்புவதற்கான காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. உடைந்திருக்கிறது, நிறம் பிடிக்கவில்லை, அளவு பொருந்தவில்லை, மனம் மாறிவிட்டது. இவ்வளவுதான் மனித குலத்துக்கு ஏற்படக்கூடிய காரணங்கள்.

“ஏதாவது ஒண்ண அமுக்குங்களேன்” என்றார் ஆக்னஸ்.

“மனசு மாறிட்டுன்னு அமுக்குனா எடுத்துட்டுப் போற கூலி நம்ம தலையில. மனசு மாறினது நாமளா? நாம ஒரே மனசாத்தான வேண்டாம்னு சொன்னோம்.”

“நாம சொல்லல. நீங்க சொன்னீங்க.”

மாடியில் வாடகைக்கு இருக்கும் அனுசியா வக்கீல். விளாத்திகுளத்துப் பெண். கோர்ட்டுக்குப் புறப்பட்டுக் கீழே இறங்கியவர், ஹாலில் பெட்டியையும் அதன் முன்னால் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்த இனிகோவையும் பார்த்து நின்றார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

“வாசல்லயே திருப்பி விட்டிருக்கலாமே அண்ணாச்சி. அதுதான் லேசான வழி.”

“கேட்டுக்கு வந்த பெட்டிய எப்பிடிம்மா திருப்ப? பின்னால வண்டி வரிசையா நிக்கும்லா.”

“உங்க வாசல்ல எத்தனை வண்டி நின்னுச்சு?”

“ஒரு ஆட்டோ. ஒரு தண்ணி வண்டி.”

அனுசியா சிரிப்பை விழுங்கிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். “சரி, போகட்டும். ரத்தாயிட்டுன்னு அவங்களே அனுப்புன மெசேஜ் இருக்குல்லா, அத அழிச்சிராதீங்க. அதோட வியாபாரம் முடிஞ்சுட்டு. அதுக்கப்புறம் வந்தது அவங்க பொருள், உங்க வீட்டுல கெடக்கு. நீங்க காவல், அம்புட்டுதான். வேண்டாம், வந்து எடுத்துட்டுப் போன்னு எழுத்துல சொல்லிட்டாப் போதும்; சுமந்துட்டுப் போயி குடுக்க வேண்டியது உங்க வேலை இல்ல. ஆனா ஒண்ணு. திறக்கக்கூடாது. பிளக்குல மாட்டக்கூடாது. ஒரு கைக்குட்டையக்கூட அதுல போட்டு எடுக்கக்கூடாது. ஓட்டினீங்கன்னா, பிடிச்சுப்போயி வச்சிக்கிட்டதா ஆயிரும்.”

“அப்பம் நம்ம வீடு யார்டு.”

“ஆமா. வாடகை வராத யார்டு.”

இனிகோவுக்கு இது பிடித்துப்போனது. பெட்டியை நாலு பக்கமும் போட்டோ எடுத்தார். கம்பெனிக்கு மெயில் போட்டார். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கும் போன் பண்ணிப் புகாரைப் பதிந்துவைத்தார். அதன் பிறகு டூட்டி முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் பெட்டியை ஒரு சுற்று வருவது வழக்கமானது. பெட்டிக்குப் பின்னால் டிவி பாதி மறைந்துபோனது. செய்தி வாசிப்பவரின் இடது தோள் மட்டும் தெரியும். விவாத நிகழ்ச்சியில் யார் எந்தக் கட்சி என்பதைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கஷ்டம் முழுவதும் ஆக்னஸுக்கு. மெஷின் வீட்டுக்குள் இருக்கிறது, துவைக்கக்கூடாது. பணம் கம்பெனிக்குள் இருக்கிறது. வேறு மெஷின் வாங்க முடியாது. நடுவில் பத்து விரல்கள். “பட்டினி கெடக்கவன் முன்னால பிரியாணிய மூடிவச்சு, மணத்துக்குக் கேஸ் நடத்துதாரு” என்று சிலுவையிடம் அவர் சொன்னது தெருவுக்கே கேட்டது.

ஒருநாள் இனிகோ திரும்பி வந்தபோது பெட்டியின் மேல் லேஸ் துணி விரித்து மாதா சொரூபம் வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் இரண்டு மெழுகுவர்த்தி. இனிகோ கலங்கிப்போய் மாடிப்படியில் பாதிவரை ஏறி நின்றுகொண்டு, “அனுசியா, சொரூபம் வைக்கிறது பயன்படுத்துன கணக்குல வருமா?” என்று கேட்டார்.

“அட்டைப்பெட்டியத்தான பயன்படுத்துறாங்க. மிஷின இல்லையே. மெழுகுவர்த்திய மட்டும் கொளுத்த வேண்டாம்னு சொல்லுங்க.”

கம்பெனியின் முதல் பதில் வந்தது. வாடிக்கையாளர் மகிழ்ச்சிப் பிரிவு என்று ஒன்று இருக்கிறதாம், அங்கிருந்து. பொருளைத் தாங்கள் கையெழுத்திட்டுப் பெற்றுக்கொண்டிருப்பதால் ரத்துக் கோரிக்கை செல்லாது என்றது. அத்தாட்சியாக இனிகோவின் கையெழுத்தையும் இணைத்திருந்தார்கள். அனுசியா அதைப் பெரிதுபடுத்திப் பார்த்தார், தலைகீழாக்கிப் பார்த்தார். “இதுல எங்க அண்ணாச்சி ஆட்சேபம் இருக்கு?” என்றார். இனிகோ கண்ணாடியை மாற்றி மாட்டிக்கொண்டு தேடினார். அவருக்கும் தெரியவில்லை. எழுதிய விரலை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

இரண்டாவது பதிலில், மெஷினை வைத்துக்கொண்டால் அடுத்தமுறை வாங்கும்போது சலுகை என்றார்கள். மூன்றாவதில், வைத்துக்கொண்டால் இப்போதே விலையில் ஒரு பங்கு குறைப்போம் என்றார்கள். அதை ஆக்னஸ் உரக்கப் படிக்கச் சொன்னார். படித்து முடித்ததும், “வச்சிக்கிடலாம்லா” என்றார். கேள்வி மாதிரித்தான் கேட்டார்.

“விலையக் கொறச்சா துருவும் கொறையுமா?” என்றார் இனிகோ. “கேக்காதத அனுப்பிட்டு, கேட்டமாதிரி எழுதி வச்சிருக்கான். அத ஒத்துக்கிட்டா, நாளைக்கு என்னத்த வேணும்னாலும் கொண்டாந்து வாசல்ல எறக்குவான். நமக்குன்னு இல்ல. யாருக்கும் எறக்குவான்.”

ஆக்னஸ் குசினிக்குள் போனார். அங்கே பாத்திரங்கள் அவருக்காகப் பேசின.

மறுநாள் காலை டூட்டி முடிந்து மத்தியானம் வந்த இனிகோ, செருப்பைக் கழற்றிக்கொண்டே பெட்டியைப் பார்த்தார். சொரூபத்துக்குப் பக்கத்தில் மீன் வெட்டும் கத்தி கிடந்தது. மூலையில் ஒட்டு டேப் ஓர் அங்குலம் கோணலாகக் கிழிந்திருந்தது. ஆக்னஸ் தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் பிழியாத போர்வை. தண்ணீர் ஓடி வாசல் நிலையைத் தொட்டிருந்தது.

“திறக்கல” என்றார் ஆக்னஸ். “திறக்க நெனச்சேன். நெனச்சதுக்குக் கேஸ் உண்டான்னு அனுசியாட்ட கேட்டுச் சொல்லுங்க.”

இனிகோ முதலில் போனை எடுத்துக் கிழிசலைப் படம் பிடித்தார். எதுவும் செய்வதற்கு முன்னால் அதைச் செய்யாமல் அவரால் முடியாது. பிறகுதான், “கத்தி வழுக்கிட்டோ?” என்று கேட்டார்.

“கத்தியப் பிடிக்க விரல் வேணும்லா.”

புது டேப்பை எடுத்து மூலையை ஒட்டினார். கத்தியைக் கொண்டுபோய் குசினியில் வைத்தார். திரும்பி வந்தார். பிறகு யூனிபார்ம் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ஆக்னஸின் மடியிலிருந்து போர்வையை எடுத்து வாளியில் போட்டு, வாளியை இழுத்துக்கொண்டு வெளியே போனார்.

துவைக்கிற கல் வாசலுக்குப் பக்கத்திலேயே, குழாயடியில் இருக்கிறது. அதாவது சிலுவையின் நாற்காலிக்கு நேர் எதிரே. கல்லின் முன்னால் இனிகோ உட்கார்ந்த கோலத்தைச் சிலுவை வெகுநேரம் ரசித்தார்.

“ஏலே இனிகோ, கம்பெனிக்காரன் மேல எதுக்குலே கேஸ்? மிஷின்தான் நல்லா ஓடுதே.”

“ஓட்டம் மெதுவுதான் அண்ணே” என்று நிலைப்படியில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஆக்னஸ் பதில் சொன்னார். “சத்தந்தான் ஜாஸ்தி.”

இனிகோ துணியையும் பெட்டி மாதிரித்தான் கையாண்டார். சட்டையை விரித்துப் பிடித்து, “காலர் அழுக்கு, பாக்கெட்டுல மை” என்று அறிவித்துவிட்டு அப்படியே தண்ணீரில் போட்டார். அறிவித்ததும் அழுக்கு போய்விடாது என்பதை ஆக்னஸ் விளக்க வேண்டியிருந்தது. “சொன்னாப் போதாது. தேய்க்கணும். அங்கன இல்ல, இங்கன. பிரஷ்ஷ நெட்டுக்குப் போடுங்க. பட்டன் தெறிச்சிரும், மெதுவா.”

துவைப்பு தினப்படி வேலையாகிவிட்டது. தெருவின் ஜெபக் குழுவான அன்பியத்துப் பெண்கள் ஜெபமாலைக்குப் போகிற வழியில் நின்று பார்த்தார்கள். கோவில் துணி துவைக்கும் முறை அந்த மாதம் ஆக்னஸ் வீட்டுக்கு வந்தது. சாமியாரின் வெள்ளை அங்கியை இனிகோ கல்லில் அடித்த அடியைப் பார்த்துவிட்டு, அன்பியத் தலைவி பிளாரன்ஸ், “எய்யா, உள்ள சாமியாரு இல்லல்லா?” என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இவ்வளவு கேலிக்கும் நடுவில், கல்லடியில் வேறொன்றும் நடந்தது. இனிகோ ஷிப்ட் வேலைக்காரர். அவர் வரும்போது ஆக்னஸ் தூங்கிக்கொண்டிருப்பார்; ஆக்னஸ் விழிக்கும்போது இனிகோ கிளம்பிக்கொண்டிருப்பார். இப்போது ஒருவர் தேய்க்க, ஒருவர் முக்காலியில் உட்கார்ந்து வேலை ஏவ, தினமும் ஒரு மணி நேரம் எதிரெதிரே இருக்க நேர்ந்தது. வேலை ஏவி முடித்தால் வேறு ஏதாவது பேசித்தானே ஆகவேண்டும். கப்பலில் இருக்கும் மகன் ஜெனிஸ் அம்மாவிடம் மட்டும் சொல்லிவைத்திருந்த ஒரு பெண்ணின் பெயர், ஒரு தலையணை உறைக்கும் இன்னொரு தலையணை உறைக்கும் நடுவில் வெளியே வந்தது. இனிகோ சோப்பை நழுவவிட்டார். “எத்தன நாளா?” என்றார். “சோப்பு சாக்கடையில போவுது பாருங்க” என்றார் ஆக்னஸ்.

அனுசியா வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். ரத்துச் செய்தி, பெட்டியின் படங்கள், எடுத்துச் செல்லும்படி போட்ட மெயில்கள், 1915 புகாரின் நகல் எல்லாவற்றையும் இணைத்திருந்தார். இதற்கும் பதில் இல்லையென்றால் நுகர்வோர் ஆணையத்தில் சந்திப்போம் என்று கடைசி வரி. கம்பெனிக்குத் திடீரென்று மனது இளகியது. ‘தாங்கள் எங்கள் மதிப்புமிக்க வாடிக்கையாளர் என்பதால், இதைச் சிறப்பு நிகழ்வாகக் கருதி’ மெஷினைத் தங்கள் செலவில் எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் திருப்புவதாக எழுதினார்கள்.

“தப்புன்னு ஒரு வார்த்தை இல்லையே” என்றார் இனிகோ.

“அந்த வார்த்தை அவங்க கடையில ஸ்டாக் இல்ல அண்ணாச்சி” என்றார் அனுசியா. “பணம் வருதுல்லா, விடுங்க.”

எடுத்துப்போக அதே லிங்கராஜ் வந்தார், கூட ஒரு சுமைதூக்கியோடு. பெட்டியின் மேலிருந்த மாதாவை ஆக்னஸ் இறக்கி அலமாரியில் வைத்தார். லிங்கராஜ் பிளேடை எடுத்தார்.

“என்ன செய்தீரு?” என்றார் இனிகோ.

“திறந்து பாத்துத்தான் எடுக்கணும் அண்ணாச்சி. சில பேரு உள்ள கல்ல வச்சிக் குடுத்திருதான்.”

இத்தனை நாளும் ஒரு தூசி உள்ளே போகாமல் காத்தவர் முன்னாலேயே டேப் கிழிந்தது. தெர்மாகோல் உதிர்ந்தது. உள்ளே இருந்து வெள்ளை வெளேரென்று மெஷின் வெளிப்பட்டது. ஹாலே கொஞ்சம் வெளுத்த மாதிரி இருந்தது. ஆக்னஸ் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். மூடியைத் தூக்கிக் கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல் உள்ளே பார்த்தார். திருகுக் குமிழை ஒரு விரலால் தொட்டார். மடங்காத அந்த விரலுக்கே அது லேசாகச் சுழன்றது. இன்னொரு தரமும் சுழற்றினார்.

இனிகோ அந்த விரலைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு லிங்கராஜிடம், “கொஞ்சம் பொறும்” என்றார். ஆக்னஸ் பக்கம் திரும்பினார். “வேணும்னா சொல்லு. இப்பிடியே வச்சிக்கிடுவோம். கேஸ் போனாப் போவுது.”

மாடிப்படியில் நின்ற அனுசியா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். லிங்கராஜ் போனைப் பார்த்தார். அதில் அப்படி ஒரு பொத்தான் இல்லை.

ஆக்னஸ் லிங்கராஜ் பக்கம் திரும்பினார். “எப்பா, இத லேசாச் சாச்சிப் பிடிங்க” என்றார். இரண்டு பேரும் மெஷினைச் சாய்த்தார்கள். முழங்காலில் கையூன்றிக் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். இனிகோ செய்வதுபோலவே ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை பார்த்தார்.

“தகரந்தான்” என்றார். நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். “எடுத்துட்டுப் போங்கப்பா.”

மெஷின் போனது. டிவி முழுதாகத் தெரிந்தது. பணம் திரும்பி வந்து சேர்ந்தது. அந்தச் செய்தியிலும் வெற்றிகரமாக என்ற சொல் இருந்தது. தெரு முழுக்க விஷயம் பரவி, வேண்டாத சரக்கு வந்து சிக்கியவர்கள் அனுசியாவைத் தேடி மாடி ஏறத் தொடங்கினார்கள். இனிகோ அவர்களை வாசலில் நிறுத்தி, “பெட்டி வாசல்ல நிக்கும்போதே வேண்டாம்னு சொல்லிரணும். உள்ள எடுத்துட்டுச் சண்ட போடுறது நமக்குத்தான் சரிப்படும், உங்களுக்குச் சரிப்படாது” என்று புத்தி சொல்லி அனுப்பினார்.

சனிக்கிழமை காலை. குழாயில் மாநகராட்சித் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. இனிகோ கல்லடியில் கடைசிப் போர்வையை அலசிக்கொண்டிருந்தார். சிலுவை அன்றைக்கு நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தார். பெரிய துணி நாளில் தண்ணீர் தெறிக்கும்.

“சாயந்தரம் வி.இ. ரோட்டுக் கடைக்குப் போயிட்டு வருவமா?” என்றார் இனிகோ. “ஸ்டீல் பாடியில ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். தட்டியும் பாத்துட்டேன். கடையில சொல்லி வச்சிருக்கேன், நீ வந்து பிடிச்சிருக்குன்னு சொன்னா இன்னைக்கே ஏத்திருவான்.”

ஆக்னஸ் முக்காலியிலிருந்து எழுந்தார். தண்ணீர் சொட்டுகிற போர்வையின் ஒரு முனையை எடுத்துத் தம் முழங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, விரல்களுக்கு வேலை வைக்காமல் இடுப்போடு அழுத்திக்கொண்டார். “மிஷின் எங்கயும் ஓடிப்போவாது, மொதல்ல இத முறுக்குங்க” என்றபடி மறு முனையை இனிகோவிடம் நீட்டினார்.